கிழமைக்கு எத்தனை பதிவு?



இந்தப் பேச்சுக்கு நாள் குறித்துத் தந்தவர்கள் நிலையத்தார். கால்மணி நேரத்துக்கு மேற் போகலாகாது என்று அளவு சொன்னவர்களும் அவர்களே. வானொலியிற் பேசுகின்றவனுக்கு இது பெரிய ஆறுதல். எப்பொழுது பேசுவது, எவ்வளவு பேசுவது என்னும் கவலைகளைப் பிறர் ஏற்றுக்கொள்ள, எதைப் பேசுவது என்ற ஒன்று மாத்திரமே அவன் பொறுப்பாகின்றது. பத்திரிகைக்கு எழுதுகின்றவன் நிலையும் ஏறக்குறைய இதுவே. குறித்த நாளுக்குள் எழுத்து வந்து சேராவிட்டால் பத்திராதிபர் ஆள் அனுப்புவார்.

ஆனால் உத்தியோகத்திலிருக்கும் இளைஞரும் உத்தியோகந் தேடும் இளைஞரும் இன்று எழுதுகின்ற ஓரிடத்தில், நாள் குறிப்பதற்கு நிலையத்தாரும் இல்லை. ஆள் அனுப்புவதற்குப் பத்திராதிபரும் இல்லை. லிங்க்ட்இன் என்னும் தொழில்சார் சமூக ஊடகத்தையே சொல்லுகின்றேன். அங்கே நாளொன்றுக்கு ஒன்பது முறை எழுதினாலும் தடுப்பாரில்லை. ஒன்பது மாதம் எழுதாதிருந்தாலும் கேட்பாரில்லை. ஆகையினால், எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதுவது என்னும் கேள்வி எழுதுகின்றவனுடைய தலையிலேயே வந்து விழுகின்றது. இதனை என்னிடம் முதன்முதற் கேட்டவன் என் தங்கையின் மகன். 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் கேட்டான். நான் சற்றும் யோசியாமல் ஒரு விடை சொன்னேன். அவ்விடை பிழையானது. அந்தப் பிழையினால் அவன் இழந்தது என்ன என்பதையும், இப்பொழுது கேட்டால் நான் என்ன சொல்வேன் என்பதையும் கூறுவதற்காகவே இந்தக் கால்மணி நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

அவ்விடத்தை அறியாத நேயர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். ரீட் ஹொப்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகள் சிலரும் 2002 டிசெம்பரிலே கலிபோர்னியாவில் இதனை நிறுவினார்கள். 2003 மே மாதத்திற் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தொடக்கத்தில் அஃது ஒரு பெயர்ப்பதிவேடு போன்றதே. நான் இன்னார், இன்ன கல்லூரியிற் படித்தேன், இன்ன கந்தோரில் வேலை பார்க்கின்றேன் என்று எழுதி வைத்துவிட்டு வந்துவிடலாம். உயர்வு கிடைத்தால் அல்லது இடம் மாறினால் மீண்டும் போய்த் திருத்தலாம். எத்தனை முறை எழுதுவது என்ற கேள்விக்கு அக்காலத்தில் இடமேயில்லை. 2012 இல் உலகப் பிரசித்தி பெற்ற சிலரை மாத்திரம் அழைத்து நெடுங்கட்டுரைகள் எழுதச் சொன்னார்கள். 2014 தொடக்கம் ஏனையோருக்கும் அக்கதவு திறக்கப்பட்டது. 2016 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் 2,620 கோடி டொலர் விலை பேசி அதனை வாங்கியது. அங்கத்தவர் தொகை நூறு கோடியை எட்டிவிட்டதென்று 2023 இல் அறிவித்தார்கள். பெயர்ப்பதிவேடாக இருந்தது சந்தையாயிற்று. சந்தையிலே வாய் திறவாது நிற்பவனை யார் திரும்பிப் பார்ப்பார் என்ற அச்சமும் கூடவே வந்துவிட்டது.

என் மருமகன் குடிசார் பொறியியலாளன். 2022 இல் நாடு பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சீமெந்தின் விலையும் கம்பியின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயின; எரிபொருளுக்கு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள்; அரைகுறையாக எழுந்த கட்டடங்கள் அப்படியே நின்றன. அவன் வேலை பார்த்த இடத்திலும் வேலை நின்றது. வீட்டுக்கு வந்திருந்தவன் என்னிடம் கேட்டான்: "மாமா, எல்லா இடத்துக்கும் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். லிங்க்ட்இன்னிலும் எழுது என்கிறார்கள். கிழமைக்கு எத்தனை தரம் எழுதவேண்டும்?"

"தம்பி, கடை நாள்தோறும் திறந்திருந்தால்தான் சனம் வரும். நீயும் நாள்தோறும் எழுது" என்றேன்.

கடைக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமை அந்நேரம் எனக்குத் தோன்றவில்லை. கடைக்குச் சரக்கு மொத்த வியாபாரியிடமிருந்து வருகின்றது. வேலை நின்றுபோய் வீட்டுத் திண்ணையில் இருக்கும் இளைஞனுக்குச் சரக்கு எங்கிருந்து வரும்?

அவன் சொற்கேட்கும் பிள்ளை. மறுநாளே தொடங்கிவிட்டான். முதற் கிழமை நன்றாகவே இருந்தது. ஏழு வருட வேலையில் மனத்திற் சேர்ந்திருந்தவற்றை எழுதினான். நானும் வாசித்து மகிழ்ந்தேன். இரண்டாங் கிழமையிற் கை வறளத் தொடங்கியது. 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்ற வகையிலே பள்ளிக்கூடச் சுவரில் எழுதத்தக்க வசனங்கள் வந்தன. மூன்றாங் கிழமையில், யாரோ ஒரு வெளிநாட்டு முதலாளி தன் வாழ்க்கையிற் பட்ட கஷ்டங்களை இவன் விவரித்தான். அவனோடு ஒரே இடத்தில் வேலை பார்த்த நண்பன் ஒருவன் என்னைச் சந்தித்தபோது, "அவன் எழுதுவதை இப்போது நான் வாசிப்பதில்லை, காலை வணக்கம் சொல்லுகிறவர்களைப்போல ஆகிவிட்டான்" என்றான். நாள்தோறும் எழுதுவதன் முதற் கேடு இது: வாசிக்கவேண்டியவர்களே முதலில் விலகிப் போகின்றார்கள்.

இரண்டாவது கேடு பெரிது. ஐந்தாங் கிழமையளவில், எழுதுவதற்கு எதுவுமில்லாமற் பழைய படங்களைத் துழாவியபோது, முன்பு வேலை செய்த ஓரிடத்திற் சுவரில் விழுந்திருந்த வெடிப்பின் படம் ஒன்று அகப்பட்டது. கண்காணிப்புக் குறைந்தால் இதுதான் நேரும் என்று நாலு வரி எழுதி அப்படத்தையும் சேர்த்து வெளியிட்டான். இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. எவர் பெயரையும் சொல்லவில்லை. ஆனாற் கட்டியவர்களுக்குத் தங்கள் சுவர் தெரியாதா? மறுநாட் காலை அவனுடைய பழைய மேலதிகாரி தொலைபேசியில் அழைத்தார். ஏசவில்லை. "தம்பி, அந்த வெடிப்பைத் திருத்தும்போது நாங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம். இப்போது நீ மட்டும் நல்ல பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவனுக்கு நற்சான்றுக் கடிதம் தருவதாக வாக்களித்திருந்தவர் அவர். வளைகுடா நாட்டுக் கம்பனி ஒன்று அக்கடிதத்தையே கேட்டுக் காத்திருந்தது. பதிவை உடனே அழித்தான், கடிதம் வரவில்லை, தவணை கடந்தது, அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. என் தங்கை என்னைக் குறைகூறவில்லை. கூறியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அவன் எழுதியது பிழை. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆயினும், நிறைந்த மனத்தோடு கிழமைக்கு ஒருமுறை எழுதுபவன் அந்தப் படத்தைத் தேடிப் போயிருக்கமாட்டான். நாள் தவறக்கூடாது என்ற அவசரமே அவன் கையைப் பிடித்து இழுத்தது. அந்த அவசரத்தை அவனுக்குக் கொடுத்தவன் நான்.

அதன் பின்னரே, அந்த ஊடகம் எவ்வாறு இயங்குகின்றது என்று விசாரித்து அறிந்தேன். மருந்து கொடுத்த பிறகு வைத்தியம் படித்தவன் கதைதான். செய்திப் பத்திரிகை காலையிற் பிறந்து மாலையிற் கடலை சுற்றும் கடதாசியாகின்றது. லிங்க்ட்இன் பதிவு அத்தகையதன்று. ஒருவன் அங்கே ஒன்றை எழுதியவுடன் அவனை அறிந்த எல்லோர் முன்னும் அது வைக்கப்படுவதில்லை. முதலிற் சிலருக்குக் காட்டப்படுகின்றது; அவர்கள் நின்று வாசித்தாற் பிறருக்கும் காட்டப்படுகின்றது. ஒருவர் ஒரு பதிவின் முன்னே எவ்வளவு நேரந் தங்குகின்றார் என்பதையும் கணக்கில் எடுத்தே பதிவுகளை வரிசைப்படுத்துவதாக அந்நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 2020 இல் விளக்கி எழுதினார்கள். 2023 இல் அவ்வரிசை முறையை மாற்றியபோது, அறிவும் ஆலோசனையும் தருகின்ற எழுத்து உரியவர்களைச் சென்றடைய வேண்டுமென்பதே தங்கள் நோக்கம் என்றும் கூறினார்கள். ஆகவே சென்ற கிழமை எழுதியதை இக்கிழமை ஒருவர் காண்பது அங்கே சாதாரணம். எழுதியது நாளைக்கும் நிற்குமென்றால், நாளைக்கு இன்னொன்றை எழுதவேண்டிய அவசியம் என்ன? ஒரே நாளில் இரண்டு எழுதுவதோ, தன் கடைக்கு எதிரே தானே இன்னொரு கடை போடுவது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கூடுதலாக எழுதுகின்றவர்களுக்குப் பார்வையாளரும் கூடுதல் என்று கணக்கெடுத்துச் சொல்லுகின்றார்கள். நான் அதனை மறுக்கவில்லை. பத்துத் தூண்டில் போட்டவனுக்கு ஒரு தூண்டில் போட்டவனிலும் மீன் கூடத்தான் அகப்படும். ஆனால் இவ்வகைக் கணக்குகளை வெளியிடுவோரிற் பலர், பதிவுகளை நேரந்தவறாது வெளியிடுங் கருவிகளை விற்பவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு பொறியியலாளனுக்கு, அல்லது ஒரு கணக்காளருக்கு, ஆயிரக்கணக்கான பார்வையாளராற் பயன் என்ன? அவர்களுடைய வேலையை எடைபோடத் தெரிந்த பத்துப் பேர் பார்த்தாற் போதும். அந்தப் பத்துப் பேரும் அலுவல் மிகுந்தவர்கள். நாள்தோறும் வந்து கதவைத் தட்டுகின்றவனுக்கு அவர்கள் கதவைத் திறப்பதில்லை. இப்பொழுது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. 2022 நவம்பருக்குப் பின்னர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லோர் கைக்கும் வந்தன. ஒரு வரி சொன்னால் முந்நூறு சொல் எழுதித் தருகின்றன. நாள்தோறும் எழுதுவது முன்னர் முயற்சிக்காவது சாட்சியாக இருந்தது. இன்று அதுவும் இல்லை.

ஆங்கில இலக்கியம் படித்த நேயர்களுக்கு இக்கேள்வி புதிதாக இராது. 1709 இல் இலண்டன் நகரில் ரிச்சட் ஸ்டீல் 'டாட்லர்' என்னும் தாளைக் கிழமைக்கு மூன்று முறை வெளியிட்டார்: செவ்வாய், வியாழன், சனி. இலண்டனிலிருந்து நாட்டுப்புறங்களுக்குத் தபால் புறப்பட்ட நாட்கள் அவை. தபால்வண்டி வைத்த கணக்கு எழுத்தாளன் கணக்காயிற்று. 1711 மார்ச்சு மாதத்தில் அவரும் ஜோசப் அடிசனும் சேர்ந்து 'ஸ்பெக்டேற்றர்' தொடங்கி, ஞாயிறு தவிர்ந்த எல்லா நாளும் வெளியிட்டு, 1712 டிசெம்பரில் 555 ஆம் இதழோடு நிறுத்தினார்கள். அவர்கள் நாள்தோறும் எழுதவில்லையா என்று நான் என் பிழைக்கு ஆதாரங் காட்டலாம். ஆனால் அவர்கள் இருவர். எழுதிக்கொடுத்து உதவிய நண்பரும் உண்டு. தனியொருவராக நின்ற சாமுவேல் ஜோன்சன், 1750 தொடக்கம் 1752 வரை 'றாம்ப்ளர்' என்னுந் தாளைக் கிழமைக்கு இரண்டாகவே வெளியிட்டார். மொத்தம் 208 இதழ்; மிகச் சிலவற்றைத் தவிர யாவும் அவரே எழுதியவை. அதே காலத்தில் தமது பேரகராதியையும் தொகுத்துக்கொண்டிருந்தார். இதழொன்றுக்கு இரண்டு கினி வேதனமும் பெற்றார். ஜோன்சனுக்கே, அதுவும் கூலி வாங்கிக்கொண்டு, கிழமைக்கு இரண்டென்றால், கூலியின்றி எழுதுகின்ற நமக்கு எத்தனை? நம்மூர்க் கணக்கும் ஒன்றுண்டு. 1841 இல் யாழ்ப்பாணத்தில் உதயதாரகை தொடங்கியபோது மாதமிருமுறையே வெளிவந்தது.

ஆகவே இன்று என் மருமகன் அதே கேள்வியைக் கேட்டால், நான் சொல்லும் விடை இது. முழுநேர வேலையிலிருப்பவருக்குக் கிழமைக்கு ஒன்று போதும். பதினைந்து நாளுக்கு ஒன்றென்றாலும் குறைவில்லை. வேலை தேடுகின்றவர் கிழமைக்கு இரண்டு வரை எழுதலாம், அதுவும் கைவசம் விடயம் இருந்தால். கம்பனிகளின் பக்கத்தில் எழுதுவதற்குப் பலர் இருக்கின்றார்கள். அவர்கள் கணக்கு வேறு. காலையில் எழுதுவதா மாலையில் எழுதுவதா என்று சிலர் தலையை உடைத்துக்கொள்ளுகின்றார்கள். எழுதியதிற் பொருள் இருந்தால் எந்த நேரமும் நல்ல நேரமே.

எழுதாத நாட்களிற் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அதனை நான் எழுதுவதிலும் பெரிதாக மதிக்கின்றேன். சட்டைப்பையில் ஒரு சிறு கொப்பி வைத்துக்கொண்டு, அன்றைய வேலையிற் கண்ட புதுமையை ஒரே வரியிற் குறித்துக்கொள்ளவேண்டும். கிழமை முடிவில் ஐந்தாறு வரி இருக்கும். அவற்றில் நாலு பயனற்றவையாகவே இருக்கும்; ஒன்று நிற்கும். அந்த ஒன்றே அக்கிழமைப் பதிவு. ஒன்றும் நிற்காவிட்டால் அந்தக் கிழமை விடுமுறை. அத்துடன், பிறர் எழுதியதைப் பொறுமையாக வாசித்து இரண்டு வரி மறுமொழி எழுதுவதற்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். 'அருமை', 'வாழ்த்துகள்' என்பவற்றை நான் மறுமொழி என்று கொள்ளவில்லை. "எங்கள் இடத்தில் இதை இப்படிச் செய்து பார்த்தோம், இப்படி முடிந்தது" என்று எழுதுகின்றவரை எவரும் மறப்பதில்லை. பதிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்துக் குறித்த நேரத்தில் தானாக வெளிவரச் செய்யும் வசதி 2022 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அங்கே உண்டு. எனக்கு அதில் அத்தனை விருப்பமில்லை. மறுமொழி சொல்ல நாலு பேர் வரும்போது வீட்டுக்காரன் வீட்டில் இருக்கவேண்டாமா?

அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு ஒரு சொல். சமூக ஊடகங்களிற் கருத்து வெளியிடுவது தாபனக் கோவையின் விதிகளுக்கு உட்பட்டதென்பதை நினைவூட்டி 2022 செப்டெம்பரிற் பொது நிருவாக அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. வைத்தியரும் சட்டத்தரணியும் கணக்காய்வாளரும் பிறருடைய இரகசியத்தைக் கையில் வைத்திருப்பவர்கள். இவர்களெல்லாரும் எத்தனை முறை எழுதுவது என்று கேட்குமுன், எழுதப்போவது தமக்குச் சொந்தமானதுதானா என்று கேட்டுக்கொள்வது நலம். சுவரின் வெடிப்பு என் மருமகனுக்கு மாத்திரம் சொந்தமானதன்று.

அவன் கதையை முடிக்கவில்லை. அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பின்னர் ஏறக்குறைய ஒரு வருடகாலம் அவன் ஒரு வரியும் எழுதவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்த எனக்கு வாய் இல்லை. 2023 இற் சோளகக் காற்று வீசுங் காலத்திலே, யாழ்ப்பாணத்தில் அயலவர் ஒருவர் கட்டிய வீட்டின் மேற்தட்டுக்குக் கொங்கிறீற்றுப் போடும் வேலையை மேற்பார்வை செய்து கொடுத்தான். சோளகம் எத்தகையதென்று அவ்வூர் நேயர்கள் அறிவார்கள். வெயிலும் காற்றும் சேர்ந்து, புதிதாகப் போட்ட கொங்கிறீற்றின் மேற்பரப்பிலுள்ள நீரை, அடியிலிருந்து நீர் கசிந்து மேலே வருவதிலும் விரைவாக உறிஞ்சிவிடும். சில மணி நேரத்துக்குள் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். அவன் காலையிற் போடவிருந்த கொங்கிறீற்றைப் பிற்பகல் நாலு மணிக்குப் பின்னர் போடச் செய்தான். பலகைகளை முன்கூட்டியே நனைத்தான். காற்று வரும் பக்கத்திலே தடிகளை நாட்டிக் கிடுகு கட்டினான். இறுகியதும் ஈரச் சாக்குகளால் மூடி, ஏழு நாள் ஈரங் காயாமற் பார்த்துக்கொண்டான். இவற்றில் எதுவும் பொறியியற் புத்தகத்திற் காணாத அதிசயமன்று, கிடுகைத் தவிர.

அதை இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து எழுதினான். முதல் ஞாயிறு எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினான். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டாயா என்றேன். கேட்டு வந்து மறு ஞாயிறு வெளியிட்டான். விருப்பக்குறிகள் அதிகமில்லை. பதினொரு பேர் மறுமொழி எழுதினார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர், "காற்றைத் தடுத்தீர்கள், சரி. கலவையில் மேசன்மார் தண்ணீரைக் கூட்டாமல் யார் தடுத்தது?" என்று கேட்டிருந்தார். கடைசி இரண்டு கலவைக்குத் தண்ணீர் சற்றுக் கூடிவிட்டதென்பதை என் மருமகன் மறைக்காமல் ஒப்புக்கொண்டு எழுதினான். அதன் கீழே இருவரும் மூன்று நாட்களாக விவாதித்தார்கள். நாற்பது நாள் எழுதிய காலத்தில் இப்படி ஒருவரும் அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை.

அந்தப் பதிவினால் வேலை கிடைத்ததென்று நான் சொல்லமாட்டேன். மற்றவர்களைப்போலவே விண்ணப்பித்துத்தான் நேர்முகப் பரீட்சைக்குப் போனான். அங்கே மூவர் இருந்தனராம். இருவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீர் கட்டிய கிடுகு எத்தனை அடி உயரம்?" என்று கேட்டார். "ஆறடி, சேர். ஆனால் அது போதாது, எட்டடி வேண்டும்" என்றான்.

இப்போது அவன் வேலையிலிருக்கின்றான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதுகின்றான். சென்ற மாதம் ஒன்றையும் காணாமையால், என்ன காரணமென்று தொலைபேசியிற் கேட்டேன்.

"அத்திவார வேலை மாத்திரந்தான் நடக்கிறது, மாமா. எழுதுவதற்குப் புதிதாக ஒன்றுமில்லை" என்றான்.